கோபாலசாமி அண்ணனின் இரண்டு தட்டுகள்

சம்பளம் போட்டு வந்த முதல் ஞாயிறு அது. பதுளைக் கடைத்தெரு கொள்ளாத கூட்டம். என் துணிக்கடை வாசலில் கிராமபோன் குழாய் வழக்கம்போலத் தெருவைப் பார்த்திருந்தது. தேயிலைத் தோட்டத்துச் சனம் மூட்டை முடிச்சுகளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நெரிசலுக்குள் மிருதங்கம் துரைராசு புகுந்து வந்து, கோடித் துணி எடுக்க வேண்டும் என்றார். இழவுக்குத் துணி கேட்டு வருகிறவரிடம் ஆணா பெண்ணா என்று கேட்பது கடைக்காரன் வாய்க்குப் பழகிய பழக்கம். கேட்டேன். ஆண் என்றார். வேட்டியை எடுத்து முழம் போட்டு, கிழித்து, மடித்துக் கையில் கொடுக்கும்போதுதான் யாருக்கு என்று விசாரித்தேன். துரைராசு வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தா வாசிச்சுக்கிட்டு இருக்காரே, அவருக்குத்தாங்க முதலாளி."

குழாயிலிருந்து காம்போதி வர்ணம் வந்துகொண்டிருந்தது. ஆர்மோனியம் கோபாலசாமி அண்ணன் அன்று விடியற்காலையில் பசறையில் காலமாகிவிட்டார். ஊசியைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. தட்டு ஓடி முடிந்ததும் கூட்டத்தில் யாரோ, "இன்னொரு வாட்டி போடுங்க முதலாளி" என்றார்கள். நான் போடவில்லை.

அண்ணனை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர் கையிலும் இது சிக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்லி வைக்கிறேன். கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒரு நாடகக் கம்பெனியோடு பதுளைக்கு வந்தவர் அவர். அடைமழைக் காலம் பார்த்துக் கொட்டகை போட்ட அந்தக் கம்பெனியின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! வசூல் படுத்தது. அண்ணனும் காய்ச்சலில் படுத்தார். எழுந்து பார்த்தபோது கம்பெனி ஊரைவிட்டுப் போயிருந்தது. "நல்லதாப் போச்சுங்க. அந்த நாரதர் சுருதியில நிக்கவே மாட்டாரு. அவரை இழுத்துப் பிடிச்சே என் துருத்தி கிழிஞ்சு போச்சு" என்று சிரித்தார். பிறகு தனலட்சுமி அண்ணியை ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கோயில் பஜனை, தோட்டத்துத் திருவிழா, கல்யாண வீடு என்று பிழைப்பு நடந்தது.

அவருடைய உயிர் அந்தக் காம்போதி வர்ணத்தில் இருந்தது. தஞ்சாவூரில் மராத்திய ராசாக்கள் இருந்த காலத்தில் யாரோ கட்டியது. யார் என்று அண்ணனுக்கும் தெரியாது. ஒரு சின்ன வரியில் ஆரம்பிக்கும். அதன்மேல் சுரங்களை அடுக்கிக்கொண்டே போய், ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் ஆரம்பித்த வரிக்கே திரும்பி வரும். "எவ்வளவு தூரம் சுத்துனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேந்திரணுங்க. அம்புட்டுத்தான் வர்ணம்" என்பார். இளவயதில் கம்பெனி சென்னையில் முகாம் போட்டிருந்தபோது, ஓர் ஓட்டல் அறையில் ஒரு வெள்ளைக்காரர் இந்த வர்ணத்தை அவர் வாசிக்கக் கேட்டுத் தட்டில் பிடித்திருந்தார். நான் போட்டுக் காட்டும்வரை அந்தத் தட்டை அண்ணன் கேட்டதே இல்லை. நான் கிராமபோன் வாங்கியபோது கூடவே வந்த தட்டுகளில் அதுவும் ஒன்று.

கடைத்தெருவில் முதல் கிராமபோன் என்னுடையதுதான். அந்தப் பெருமை எனக்குத் தாராளமாக உண்டு. அண்ணனை ஆளனுப்பிக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் தட்டை அவருக்கே போட்டுக் காட்டினேன். என்ன வேகம்! சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் சுரங்கள் தெறித்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அண்ணன் என் முகத்தையே பார்த்தபடி இருந்தார். "எப்படி அண்ணே?" என்றேன். "உங்களுக்குப் பிடிச்சிருக்குங்களா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறதாவா! "உயிரே போகுது" என்றேன். "அப்பச் சரிங்க" என்று எழுந்து போனார். தன் பெருமையைத் தானே பேசக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தட்டு அவரை ஊவா மாகாணம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த சனமெல்லாம் என் கடை வாசலில் கேட்டுவிட்டுப் போய், தங்கள் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் சொன்னது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் திருவிழாவுக்கு அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். வர்ணத்தை எடுத்தார். நிதானமாகத்தான் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், "பிளேட்டு மாதிரி வாசிங்க!" என்றது. அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் துரைராசுவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். நடுவில் விரல் சறுக்கியது. நிறுத்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அந்தப் பையன் வரலீங்க. நான்தான் வந்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதிலும் கொஞ்சம் பலமாகவே. அந்தப் பேச்சு அப்புறம் ஊர்ப் பேச்சாகிவிட்டது.

சில வருடங்கள் போயின. கொழும்பில் தட்டுப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அண்ணனை வற்புறுத்தி அழைத்துப்போனவன் நான்தான். ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளை வரை மாட்டு வண்டி. எல்ல என்னும் ஊர் மேடு ஏறும்போது குளிருக்குப் போர்வையை ஆர்மோனியப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, அவர் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். "பழைய வேகத்துக்கு வாசிச்சிருங்க அண்ணே. உங்களுக்குக் கை ஓயலைன்னு ஊருக்குத் தெரியணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஊம் கொட்டினார்.

வாசித்ததோ தன் இஷ்டப்படி. தட்டு வந்து சேர்ந்ததும் கடையில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். முதல் தட்டில் வர்ணம் முழுதும் அடங்கியிருந்தது. இரண்டாவதில் கடைசி அடுக்கு இல்லவே இல்லை, இடம் போதவில்லை. முதலாவதில் ஓட்டம், இதில் நடை. ஒவ்வொரு முறை வீட்டு வரிக்குத் திரும்பும் முன்பும் ஒரு கணம் நின்று, துருத்தியை மெல்ல அமுக்கி, அப்புறம்தான் உள்ளே வருகிறார். போதாததற்கு அவர் கூடவே பாடுவதும் லேசாகப் பதிவாகியிருந்தது. "என்ன அண்ணே, முனகுறது விழுந்திருக்கே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். "கை கொஞ்சம் கேக்கல முதலாளி. வாயால சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

அதன்பின் நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சங்கீத ஞானம் உண்டு என்று ஊரில் ஒரு பேர், அதை நம்புகிறவர்களில் நான் முதல் ஆள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு தட்டையும் போட்டுக்காட்டி வியாக்கியானம் செய்தேன். கோயில் திருவிழாவுக்கு யாரைப் போடலாம் என்று தர்மகர்த்தாக்கள் யோசனை கேட்டபோதும் அதையே சொன்னேன்: "அண்ணன் பெரிய வித்துவான்தான். ஆனால் கை ஓய்ந்துவிட்டது. கூட்டம் பழைய வேகத்தை எதிர்பார்க்கும்." வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். மறு வருடமும் அவரே. தோட்டங்களும் மெல்ல மெல்லக் கூப்பிடுவதை விட்டன. அண்ணன் வீட்டைக் காலி செய்துகொண்டு பசறைக்குப் போனார். அங்கே ஒரு சின்ன பஜனை மடம் அவருக்குச் சோறு போட்டது. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். தெரியாதது இனிமேல்தான் வருகிறது.

கருமாதிக்குக் கிராமபோனையும் இரண்டு தட்டுகளையும் கொண்டுவரச் சொல்லி அண்ணி துரைராசுவிடம் சொல்லிவிட்டிருந்தார். கொண்டுபோனேன். படம் எதுவும் இல்லாததால் ஆர்மோனியப் பெட்டிக்கே மாலை போட்டு வைத்திருந்தார்கள். தட்டோடு சேர்ந்து தானும் வாசிக்க வேண்டும் என்று துரைராசுவுக்கு ஆசை. அண்ணனோடு கடைசியாக ஒரு தடவை என்றார். மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கப் பெட்டியில் ஸட்ஜத்தை அமுக்கினார். நான் முதல் தட்டைப் போட்டேன். துரைராசு நாலு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

"சேரலையே முதலாளி. மெசின் சுருதி ஒரு கட்டைக்கு மேல ஏறி நிக்கிது."

"அது வேற பெட்டியா இருக்கும்" என்றேன்.

"வேற பெட்டி ஏதுங்க?" என்றார் அண்ணி. "கம்பெனியில சேந்த நாள்லேருந்து அவருக்கு இந்தப் பெட்டிதான்."

ஆர்மோனியம் வயலின் இல்லை, முறுக்கி ஏற்றுவதற்கு. அதன் சுருதி உள்ளே பதித்த பித்தளை நாக்குகளில் இருக்கிறது. அப்படியானால் ஏறியது எது? கிராமபோனின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. துரைராசு பெட்டியை அமுக்கியபடியே இருக்க, நான் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். தட்டின் சுருதி இறங்கி இறங்கி வந்து பெட்டியோடு ஒட்டியது.

அப்போது கேட்டதை எப்படிச் சொல்ல? அந்தப் பையன் ஓடவே இல்லை. சுறுசுறுப்பாக நடந்து போனான், அவ்வளவுதான். வீட்டு வரிக்குத் திரும்பும் முன்பு அவனும் ஒரு நொடி நின்றான். கிழவர் நின்ற அதே இடங்களில், கொஞ்சம் அவசரமாக. அவனுக்கும் வாய் சும்மா இல்லை. சன்னமாகக் கூடவே பாடிக்கொண்டிருந்தான். என் மெசின் விரட்டிய விரட்டில் அது பூச்சி ரீங்காரம்போல் ஆகி, இத்தனை வருடம் காதில் விழாமலே போயிருக்கிறது. அப்புறம் திருகை ஏற்றி, இரண்டாவது தட்டைப் போட்டேன். அது வழக்கமான வேகத்திலேயே பெட்டியோடு சரியாகச் சேர்ந்தது. இளமையிலும் முதுமையிலும் ஒரே மனிதர்தான் வாசித்திருக்கிறார். பின்னாளில் இன்னும் நன்றாக நிற்கத் தெரிந்திருந்தது, அதுதான் வித்தியாசம். நான் ஊருக்கெல்லாம் வியாக்கியானம் செய்த வித்தியாசம் என் மெசினில் இருந்தது.

"இது அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தெரியாம என்னங்க? உங்க கடையில கேட்டுட்டு வந்த அன்னிக்கே பெட்டியத் தொறந்து அமுக்கிப் பாத்துட்டுச் சிரிச்சாரு. முழு வர்ணமும் அடங்கணும்னு அந்த வெள்ளக்காரரு மெசின மெதுவாச் சுத்த விட்டாராம். அத உங்க மெசினு வேகமாச் சுத்துதுன்னாரு. போயிச் சொல்லிட்டு வர்றதுதானேன்னேன். 'கண்ண மூடிக்கிட்டு அப்படிக் கேட்டுக்கிட்டு இருக்காரு. அந்த மனுசன்கிட்டப் போயி எப்படிடீ சொல்றது'ன்னுட்டாரு."

"கோயில்ல அவர் வேண்டாம்னு ஆனப்பவாவது..."

"அப்பச் சொன்னா, கோயிலுக்குக் கூப்பிடணும்னு சொல்ற மாதிரி ஆயிருமாம்." அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க மேல ஒரு கொறையும் சொன்னதில்லீங்க முதலாளி."

ஒரு குறை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! பசறையிலிருந்து திரும்பும் வழியெல்லாம், எனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன். எடுபடவில்லை. அண்ணனின் பெட்டியை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காத மாதமில்லை. அதன் சுருதி என் காதில் ஏறியிருக்க வேண்டும். அந்தத் திருகு எதற்கு என்றும் எனக்குத் தெரியும். அந்த வேகம் பிடித்திருந்தது. அதனால் சரிபார்க்கத் தோன்றவில்லை. கொஸ்லந்தையில் அவர் விரல் சறுக்கியது, எந்த மனிதனும் வாசித்திராத வேகத்தைத் துரத்திப் போனதால். பொய் என்று தெரிந்தும், கூட்டம் ஆசைப்படுகிறதே என்று துரத்தினார். அதைப் பார்த்து நான் சிரித்தேன்.

போன மாதச் சம்பள ஞாயிறன்று முதல் தட்டைச் சரியான வேகத்தில் போட்டேன். "என்ன முதலாளி, சாவி குடுக்கலையா?" என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன், கடை வாசலில் நின்று, உரக்க. சிலர் உச்சுக் கொட்டினார்கள். சிலர் சாமான் வாங்கப் போய்விட்டார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் மட்டும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க. பழைய மாதிரியே போடுங்க, அதுதான் நல்லாயிருக்கு" என்றார். உண்மையைச் சொல்கிறேன், என் காதுக்கும் இன்னும் அதுதான் நன்றாயிருக்கிறது. பல வருடப் பழக்கம் ஒரே மாதத்தில் போகுமா? திருகைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். தட்டுகள் யாரிடமும் இருக்கலாம். பெட்டி துரைராசுவிடம் போய்விட்டது. என் முகம் வாடக்கூடாது என்று அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் தகுதியானவன் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க, அவர் இல்லை.