ஒன்பதாம் நம்பரும் என் கைகளும்

மதுக்கரையில் சாயங்காலமானால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் சர்ச் மைதானத்துக்குள் வந்துவிடும். சிமெண்ட் தூசி படிந்த வேப்பிலைகள் அசையும். யாரும் உதைக்காமலே பந்து கொஞ்ச தூரம் உருளும். அந்தக் காற்றில் நின்றால் தோற்பதுகூடக் கனவில் நடப்பது போலிருக்கும். நாங்கள் நிறையவே தோற்றோம்.

எங்கள் சர்ச் பங்கின் கால்பந்து அணியில் ஒரு வழக்கம். கோல்கீப்பர் மகன் கோல்கீப்பர். கோல் அடித்தவர் மகன் முன்னால்தான் நிற்க வேண்டும். சர்ச் திருவிழாவன்று பங்குச் சாமியார் ஜெபம் சொல்லிப் பனியன்களை மந்திரிப்பார், அப்பாமார் தங்கள் நம்பரை மகன்களுக்கு மாட்டிவிடுவார்கள். என் அப்பா ஒன்பதாம் நம்பர். அவர் அடித்த கோல்கள் இன்னும் டீக்கடைப் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதே நம்பரை மாட்டிக்கொண்டு நான் ஆளில்லாத கோலுக்கு வெளியே அடித்தேன். அப்பா திட்டமாட்டார்.

"அடுத்த மேட்ச்சுல அடிச்சுப்போடுவ கண்ணு," என்பார்.

அதுதான் எனக்கு வலித்தது. பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட ஆசை. கொடுத்தால் அவர் முகம் என்னாகும் என்ற பயம்.

பாலக்காட்டிலிருந்து வந்த புது கோச் புதிதாக ஒருவரையும் சேர்க்கவில்லை. முதல் நாள் எங்களை உதைக்கவும் விடவில்லை. பந்தைக் கையால் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொன்னார். ஏதோ குழந்தைகள் விளையாட்டு என்று சிரித்தோம். எல்லோர் கையிலிருந்தும் பந்து நழுவியது. என் கையில் மட்டும் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கே கோச் என்னைக் கோலில் நிறுத்தினார். அதுவரை அங்கே நின்ற கோல்கீப்பரின் மகன் காற்றாக ஓடுவான், ஒன்பது அவனுக்குப் போயிற்று.

அப்பா மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் பேச்சும் குறைந்துபோனது. நாங்களோ ஜெயிக்கத் தொடங்கியிருந்தோம். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் நான் பூனை போல வீட்டுக்குள் நுழைவேன்.

ஒருநாள் கோச்சே வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தார்.

"இந்தக் கை உங்க குடும்பத்துல யாரோட கை?" என்று அப்பாவிடம் கேட்டார் கோச்.

"எங்க வம்சத்துல கீப்பரே கெடையாதுங்க," என்றார் அப்பா, வேண்டாவெறுப்பாக.

"நான் பள்ளிக்கோடத்துல த்ரோபால் ஆடியிருக்கறனுங்க," என்றார் அம்மா. "ஜோனல் போட்டி வரைக்கும் போயிருக்கறம். கல்யாணத்தோட விட்டுப்போட்டேன்."

அம்மாவின் கைகளைப் பார்த்தேன். இத்தனை காலம் அந்தக் கைகள் எனக்குச் சோறு போட்டன, தலை துவட்டின. அவற்றைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

கோச் போன பிறகு அப்பா எழுந்தார். மூலையில் கிடந்த என் பந்தை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவை நோக்கி எறிந்தார். அம்மா காபி டம்ளரைக் கீழே வைக்காமலே பந்தை ஒற்றைக் கையால் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இத்தன வருசத்துல ஒரு வார்த்தை சொல்லலியே அம்மணி," என்றார் அப்பா.

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அடுத்த மேட்ச்சுக்கு அப்பா வந்தார். எப்போதும் நிற்கும் நடுக்கோட்டருகே நிற்கவில்லை. என் கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார்.