சிவந்தால் எடுக்க வேண்டும்

எழுபதுகளின் நடுவில், காந்தலூருக்கு அப்பாலுள்ள மலையில், ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டராக இருந்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இயந்திரங்களோடு வரும் கையேடுகளை அகராதியின் துணையோடு எழுத்துக்கூட்டிப் படித்தே தொழிலைக் கற்றேன். அதில் எனக்கொரு கர்வம் இருந்தது. இங்கே எழுதப்போகும் காரியத்தை என்னைச் செய்யவைத்தது அந்தக் கர்வம்தான்.

அந்த ஆண்டு கொழுந்தை நசுக்கப் புதிய இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. பழைய உருளைகள் திறந்தவை. சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். புதியது மூடிய இரும்புக் குழாய். உள்ளே திருகு ஒன்று சுழன்று கொழுந்தை நசுக்கித் தள்ளும். அது ஓடுகிறதா நிற்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சுற்றியுள்ள இரைச்சலில் காதும் உதவாது. ஒரு முறை கொட்டி நசுக்கும் கொழுந்து ஒரு ஈடு. ஒவ்வொரு ஈடும் முடிந்ததும் குழாயின் வாயில் ஒட்டியிருப்பதைக் கையால் வழித்தெடுக்க வேண்டும்.

பழைய உருளைகளில் இதற்கொரு வழக்கம் இருந்தது. நசுங்கிய கொழுந்து பச்சை மாறிச் செம்பு நிறத்துக்குத் திரும்பியதும், மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "செவந்திருச்சு!" என்று கத்துவார். உடனே ஆட்கள் கையை விட்டு வாரி எடுப்பார்கள். "பச்சையாக் கெடக்கு" என்றால் இன்னும் தொடாதே என்று பொருள். அங்கே வேறு உத்தரவு கிடையாது.

கத்துவதை நம்பி ஒரு தொழிற்சாலை நடப்பது எனக்கு அநாகரிகமாகப் பட்டது. கையேட்டில் கண்டபடி குழாயின் மேல் இரண்டு விளக்குகளைப் பொருத்தினேன். திருகு ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை. தோட்டத்துத் துரை மெச்சினார். காலையில் ஆட்களை நிறுத்தி ஒரு முறை விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ஃபிட்டரய்யா மிசினுக்குக் கண்ணு வச்சிட்டாரு. ஒண்ணு செவந்துபோயிக் கெடக்கே, சாராயத்தப் போட்டுட்டு வந்திருக்குமோ?" என்றார் குழாய் வாயில் நிற்கும் தொழிலாளி. கூட்டத்தோடு நானும் சிரித்தேன். அவருக்கு நாற்பது வயதிருக்கும்; அதில் இருபது வருடம் உருளைகளின் முன்னால் கழிந்தது. மனைவி நிரந்தரமில்லாத கூலி. இரண்டு பெண்பிள்ளைகள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் இருந்த அறை அவர் பெயரில்தான் இருந்தது.

முதல் வாரம் மேற்பார்வையாளர் பழக்கத்தில் கத்திக்கொண்டேயிருந்தார். ஆகவே விளக்கைப் பார்க்கும் தேவை யாருக்கும் ஏற்படவில்லை. அதை நான் கவனிக்கவுமில்லை. அடுத்த திங்கட்கிழமை, "இனிக் கத்தாதீங்க, லைட்டே சொல்லிரும்" என்று அவரைத் தடுத்தவன் நான். அன்றைய முதல் ஈடு முடிந்து கொழுந்து விழுவது நின்றது. திருகு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொழிலாளி அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். சிவப்பு எரிந்தது. வலது கையை உள்ளே விட்டார்.

மணிக்கட்டுக்கு மேலேயே எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"செவப்பு எரியுறப்ப எதுக்கண்ணே கைய விட்டீங்க?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "செவந்திருச்சுன்னுதானய்யா லைட்டு போட்டீக? செவந்தா எடுக்கணும்லா? பச்சை எரிஞ்சிருந்தா விடுவனா? பச்சையில கை வைக்க நான் என்ன நேத்து வந்தவனா?"

"அன்னைக்கு வெளக்கிச் சொன்னேனே."

"சொன்னீக. நானும் தலைய ஆட்டுனேன். வேலையில நிக்கயில கண்ணு அதையா நெனைக்கும்?"

நான் படித்த கையேட்டை எழுதியவர்கள் கொழுந்து சிவப்பதைப் பார்த்திராதவர்கள். நானோ தினமும் பார்த்தவன்.

விபத்து அவருடைய கவனக்குறைவு என்று முடிவானால் ஆள் பதிவேட்டிலிருந்து பெயர் அடிக்கப்படும். பெயரோடு லயத்து அறையும் போய்விடும். விளக்கைப் பொருத்தியதில் பிழை என்றால் இலேசான வேறு வேலை கொடுத்து அவரை வைத்துக்கொள்ள வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அலுவலகத்தில் என் வாக்குமூலத்தைக் கேட்டார்கள். தலைமை எழுத்தர் மலையாளி. தமிழைத் தம் வழியில் பேசுவார். நான் சிவப்பின் கதையைத் தொடங்கியதுமே கையை உயர்த்தினார்.

"அதொண்ணும் எழுத வேண்டா. செவப்பு எரிஞ்சுதா இல்லையா? அது மட்டும் எழுதினா மதி, போதும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "லைட்டு வெச்சது ஆரு? நிங்கள் அல்லே?" என்றார்.

'சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது அவர் கையை உள்ளே விட்டார்' என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கையெழுத்திட்டேன். அவருக்காக வாதாட வந்த யூனியன்காரர் அதை இரண்டு முறை படித்தார். தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விளக்குகளின் நிறக் கண்ணாடிகளைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்தினேன். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. கால் மணி நேர வேலை. யாருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர்கள் இருபது வருடமாகக் கற்று வைத்திருந்ததை முதலில் கேட்டறிந்து, பிறகு என் புதுமையைச் செய்திருக்கலாம். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள் என்றே நினைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து அவருடைய மனைவி தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். கையில் அலுவலகம் கொடுத்த தாள். அவருக்கு எழுத்து தெரியாது.

"படிச்சவுக நீங்கதான இருக்கீக. என்னன்னு பாத்துச் சொல்லுங்கய்யா."

வாங்கிப் பார்த்தேன். நடுவில் என் வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்தது. அதன் கீழே என் பெயர். அதற்கும் கீழே அறையைக் காலி செய்ய வேண்டிய தேதி.

தேதியை மட்டும் வாசித்துச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? இவ்வளவு எழுதியிருக்கே?"

"அம்புட்டுத்தாம்மா" என்றேன்.

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். படித்துச் சொன்னதற்காக என்னைக் கும்பிட்டுவிட்டு, லயத்தை நோக்கி இறங்கிப் போனார்.