இரண்டு விரல்கள்

மகன் வசிக்கும் எடிசன் ஊர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவைக்காக நான் படுத்திருந்த அறையின் எதிர்ச்சுவரில் ஓர் அட்டை தொங்கியது. அதில் ஆறு முகங்கள். சிரிக்கும் முகத்துக்குப் பூஜ்யம், இரண்டிரண்டாக ஏறி அழும் முகத்துக்குப் பத்து. வலி எவ்வளவு என்று மலையாளி நர்ஸ் அதைக் காட்டித் தமிழிலேயே கேட்பாள். நான்கரை என்பேன். "அரையெல்லாம் கிடையாது அங்கிள்" என்று சிரிப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் என் வயதுள்ள மெக்சிகோக்காரர், குடலில் அறுவை செய்துகொண்டவர். ஸ்பானிஷ் தவிர வேறு மொழி அறியாதவர். நிறைமாதக் கர்ப்பிணியான மகள்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாள். நர்ஸ் கேட்டால் மகளைப் பார்த்துப் புன்னகைத்து இரண்டு விரலைக் காட்டுவார். நர்ஸும் கணினியில் இரண்டு என்று பதிந்துவிட்டுப் போவாள்.

என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. என் அறுவைக்கு மறுநாள் பிற்பகல் மகள் காபி வாங்கப் போயிருந்த இருபது நிமிடத்தில், அவர் கட்டில் கம்பியைப் பதினேழு முறை இறுகப் பற்றினார். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மறுபடியும் இரண்டு விரல்.

பார்க்க வந்த என் மகனிடம் சொன்னேன். "அப்பா, இது உங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் இல்ல. அடுத்த பேஷண்ட் விஷயத்துல இன்டர்ஃபியர் பண்ணாதீங்க" என்றான். பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவன் போன பிறகும் அந்தப் போர்வை நடுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் நர்ஸை அழைக்கும் பொத்தானை அழுத்தினேன்.

"பொண்ணு இல்லாதப்போ அவரைக் கேளும்மா. அவ பயந்துடுவான்னு மறைக்கிறார்."

நர்ஸ் மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரை ஃபோனில் பிடித்துக் கேட்டாள். மெக்சிகோக்காரர் அட்டையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு ஒன்பது விரல்களை விரித்தார்.

உடனே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டிலுக்கு அவர் திரும்பவில்லை. என்ன ஆயிற்று என்று நான்கு முறை கேட்டேன். "சொல்லக் கூடாது அங்கிள், ரூல்ஸ்" என்றாள் நர்ஸ், என் முகத்தைப் பாராமல். அவர் கம்பியைப் பதினேழாவது முறை பற்றியதற்கும் பொத்தானை அழுத்தியதற்கும் நடுவே இரண்டு மணி பத்து நிமிடம் நான் சும்மா இருந்திருக்கிறேன். அந்தக் கணக்கு மட்டும் என்னை விடவே இல்லை.

இப்போது எனக்கு முதுகெலும்பில் ஏதோ தொந்தரவு. தினமும் காலையில் மன்ஹாட்டன் ரயிலுக்குக் கிளம்பும் மகன் கதவருகே நின்று கேட்கிறான்: "வலி எவ்ளோப்பா?"

"ரெண்டுடா."

நிம்மதியாகப் போகிறான். கதவு சாத்தப்பட்டதும் என் கை கட்டில் விளிம்பைத் தேடுகிறது. அந்த அட்டையில் எனக்கு ஐந்தாவது முகம். எட்டு.