பார்த்துதான் ஊத்தினேன்

வேதியியல் ஆசிரியைக்கு மாணவிகள் வைத்திருந்த பெயர் மெயில் வண்டி. வகுப்புக்குள் நுழைந்தால் மணி அடிக்கும்வரை எங்கும் நிற்க மாட்டார். நடுநடுவே "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது மிஸ்!" என்று கூரை அதிரும். மற்றவர்களுக்கு முன்பே பாடத்தை முடித்துவிடுவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று ஆய்வகத்தில் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும் வேலை. தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும் என்று முந்தைய வாரமே வேகவேகமாகச் சொல்லியிருந்தார். ஆய்வகத்தில் சொன்னது இவ்வளவுதான்: "பார்த்து ஊத்துங்க. புரிஞ்சுதா?" புரிந்தது என்றார்கள். சற்று நேரத்தில் ஜன்னலோர மேசையிலிருந்து அலறல். அமிலம் இருந்த குவளையில் ஒருத்தி தண்ணீரை ஊற்றியிருந்தாள்.

கண் தப்பியது. வலது கை முழுக்கக் கட்டு. மருத்துவமனையில் ஆசிரியை மனம் பொறுக்காமல், "பார்த்து ஊத்தச் சொன்னேனேம்மா" என்றார்.

"பார்த்துதான் ஊத்தினேன் மிஸ். ஒரு சொட்டுகூட வெளிய சிந்தல."

தையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார் அவளுடைய அம்மா. மகளின் தலையணையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஆசிரியைக்கு.

வீட்டில் கணவர் தேற்றினார். "நீதான் முன்னாடியே சொல்லிட்டியே."

"சொன்னேன். அவகிட்டப் போய்ச் சேந்துச்சான்னு பாக்கலயே."

ஆய்வகம் மறுபடி திறந்தபோது யாரையும் அவர் பாட்டிலைத் தொட விடவில்லை. "குவளையில முதல்ல எது இருக்கணும்?" என்று கேட்டார். பலர் ஒரே குரலில் வாயெடுக்க, கைகாட்டி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் ஒருத்தி எழுந்து, "அமிலம் மிஸ்" என்றாள்.

இவ்வளவு நடந்த பிறகுமா! ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"சரி. அது மேல தண்ணி விழுந்தா என்ன ஆகும்?"

அவள் யோசித்தாள். "தண்ணி சட்டுனு சூடாகிக் கொதிக்கும்... ஐயோ, அப்ப தண்ணிதான் மிஸ் முதல்ல. அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும்."

ஒவ்வொருத்தியும் தான் செய்யப்போவதை வாய்விட்டுச் சொன்ன பிறகே பாட்டில் திறந்தது. அதுவே வழக்கமாயிற்று.

தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். "இப்படிக் கேட்டுக் கேட்டு நின்னா பாடம் எப்ப முடியும்?"

"கொஞ்சம் பாக்கி நிக்கும் மேடம்" என்றார் இவர். மறு ஆண்டு அவரைக் கீழ் வகுப்புகளுக்கு மாற்றினார்கள். அவர் வாதாடவில்லை.

காயம்பட்டவள் பள்ளிக்குத் திரும்பினாள். சுண்டுவிரல் மட்டும் முழுதாக நிமிரவில்லை. ஆய்வகப் பக்கமே போகாமல் வணிகவியல் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் ஆசிரியை நின்று, அன்றைய வணிகவியல் பாடத்தில் எந்த இடம் பிடிபடவில்லை என்று கேட்பார். சில நாள் அவள் சொல்வாள். சில நாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.