அம்மாவின் கடலைக்கு அந்தக் கசப்பு எப்படி வந்தது

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் சூலூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் மகளின் வணக்கம்.

மலர் போடப்போகிறோம் என்று சொன்னதும் உங்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டீர்கள். "அம்மாவோட பாகுக் கடலை செய்யற விதத்தை அதுல போட்டுடு கண்ணு" என்றார் பெரியம்மா. "கடைசியில நாக்குல ஒரு சின்னக் கசப்பு நிக்குமே, அது வேற ஒருத்தர் கைக்கும் வராதுங்க" என்று சித்தி போனில் சொன்னார். சரி, போடுகிறேன். ஆனால் அதை முழுசாகப் போட வேண்டுமென்றால் எங்கள் அடுப்படியில் நடந்ததையும் சேர்த்துத்தான் போட வேண்டும். அம்மாவின் கடைசி நாட்களில் அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். என் தம்பி மனைவியை அடியிலிருந்து மீட்டுவிடுவேன் என்பதுதான் அந்த வாக்கு. அதைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தார். அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சிக்கு நாலு ஏக்கர் நிலமும், வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டுத் தறிகளும் இருந்தன. தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்ததால் அம்மாவுக்கு நல்ல கணீர்க் குரல் என்று மாமா சொல்வார். நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் கணபதிப் பக்கம், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றுக்கு வந்தார். எனக்கு நினைவு தெரிந்து அம்மா மெதுவாகத்தான் பேசுவார்.

அப்பா லேத் பட்டறையில் வேலைக்கு இருந்து, பிறகு சொந்தப் பட்டறை வைத்தார். கடும் உழைப்பாளி. அதை நான் மறுக்கவில்லை. அவர் மறைந்தபோது போட்ட மலரில் அதைப் பற்றி நாலு பக்கம் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அப்பா அம்மாவை அடிப்பார்.

கோபத்தில் கை நீட்டிவிட்டார் என்று பெரியவர்கள் பூசி மெழுகுவார்களே, அந்தக் கணக்கு இல்லை. பட்டறையில் தேய்ந்துபோன மோட்டார் பெல்ட் ஒன்று எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். சோறு குழைந்தாலும் அதுதான். பட்டறையில் பீஸ் ரிஜெக்ட் ஆனாலும் அதுதான். அடிக்கப்போகிறார் என்றால் முதலில் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரமாக வைப்பார். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டால் அதற்குத் தனியாக விழும்.

கல்யாணமான முதல் வருஷத்தில் இரண்டு முறை பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு முறையும் அப்புச்சியே திரும்பக் கொண்டுவந்து விட்டார். "ஆம்பளைன்னா முன்னப்பின்னத்தான் இருப்பாங்க அம்மணி, அனுசரிச்சுப் போ" என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் தோட்டத்தில் கடலை பிடுங்கியதும் மாமா ஒரு மூட்டை அனுப்பிவைப்பார். மாமா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். மூட்டை தவறாமல் வந்தது. அதே வண்டியில் ஒரு தடவையாவது அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. ஒரு மத்தியானம் தம்பி இனிப்பு வேண்டுமென்று அழுதான். அம்மா இரும்பு வடச்சட்டியில் வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். பட்டறையில் கரண்ட் போய்விட்டதால் அப்பா முன்னதாகவே சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். சோறு வடிக்கவில்லை. பின்னாலிருந்து வந்து அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தார். அம்மா தடுமாறி எதையோ பற்றப்போக, கை வடச்சட்டியின் காதில் பட்டு, பாகு மொத்தமும் அப்பாவின் வலது கையில் கவிழ்ந்தது.

கொதிக்கிற பாகு தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வேகும். அப்பா அதை இடது கையால் வழித்தார். பாகோடு தோலும் உரிந்து வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்பாக, ஈரமாக இருந்தது. அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தம்பி நிலைப்படியில் நின்று அத்தனையையும் பார்த்தான். நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டான்.

அப்பாவின் கையில் இருந்த அந்தத் தழும்பு உங்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டறை விபத்து என்று சொல்லிவைத்தோம். 'உழைப்பின் அடையாளம்' என்று அவருடைய மலரில் அச்சாகியிருக்கிறது. எழுதிக் கொடுத்தது நான்தான்.

கட்டுப் பிரித்த சில நாளில், ஒரு சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பெல்ட்டை எடுத்தார். அம்மா அடுப்படியில் இருந்தார். தற்செயலாக அன்றைக்கும் பாகு காய்ந்துகொண்டிருந்தது. அப்பா நிலைப்படி வரைக்கும் வந்தார். வடச்சட்டியைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா கரண்டியைக் கையிலிருந்து விடாமல் அந்த நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி செய்முறை. கடலையை வறுத்து, தோலை ஊதிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். உருண்டை வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்ட வேண்டும். வடிகட்டிய வெல்லத் தண்ணீர் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு தூக்குப்போசியில் தயாராக இருக்கும். தெருமுனையில் அப்பாவின் வண்டி திரும்பும் சத்தத்திலேயே அம்மாவுக்கு நாள் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். உடனே அடுப்பைப் பற்றவைத்து வெல்லத் தண்ணீரை ஊற்றிவிடுவார். பாகு கொதித்து வரும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்து உடைத்தால் டக்கென்று உடைய வேண்டும். நீங்கள் செய்வதாக இருந்தால் அந்த நொடியில் கடலையைக் கொட்டிக் கிளறி, சுக்குப்பொடி தூவி இறக்கிவிடுவீர்கள். அம்மா இறக்க மாட்டார். பாகை இறக்கிவிட்டால் அப்பா உள்ளே வருவார். அதனால் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருப்பார். பதம் வந்ததும் ஒரு கை தண்ணீர் விடுவார். பாகு சீறும், இளகும், மறுபடி கொதிக்கும். மறுபடி பதம், மறுபடி தண்ணீர். அப்பா கத்தி ஓய்ந்து, சாப்பிட உட்காரும் வரைக்கும் இப்படியே ஓடும். கடைசியில் கடலையைக் கொட்டும்போது பாகு கருத்து, தீய்ந்த வாடை வந்திருக்கும். சித்தி, நீங்கள் கேட்ட கசப்பு அதுதான்.

பாகு வாசம் சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "ஏனுங்க அக்கா, வாசம் தூக்குதுங்களே! ஒரு கை குடுங்க" என்று நிலைப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் பேசுவார். அப்பாவைப் பார்த்து, "அண்ணா, நெருப்புப் பக்கம் வராதீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லும் தைரியம் அந்த லைன் வீட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அக்காவுக்குச் சர்க்கரை நோய். கடலையில் ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா அந்தக் கடலையைப் பொட்டலம் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோவார். "எங்க ஊட்ல செஞ்சது, தின்னு பாருங்க" என்று எல்லோருக்கும் கொடுப்பார். கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் அம்மாவின் கடலையைக் கேட்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டுவார்.

அடுத்தது என் தப்பு. நாற்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு, "பாத்துக்க கண்ணு, அடுப்பை அணைச்சுப்போடாதே" என்று சொல்லிவிட்டு ஓடினார். பாகு சரியான பதத்துக்கு வந்தது. எனக்கென்னவோ அது தீயப்போகிறது, கேஸ் வீணாகிறது என்று பட்டது. அம்மா மெச்சுவார் என்று நினைத்து, கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, அடுப்பை அணைத்துவிட்டேன். அம்மா குடத்தோடு உள்ளே வந்தார். பின்னாலேயே அப்பா வந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

குடம் உருண்ட சத்தம் முதலில் கேட்டது. அப்பா அம்மாவைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, இடது காதிலேயே திரும்பத் திரும்பக் குத்தினார். எத்தனை தடவை என்று எண்ண முடியவில்லை. நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "நான்தானுங்கப்பா அணைச்சேன், என்னை அடிங்க!" என்று கத்தினேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. ஓய்ந்த பிறகு அம்மாவின் காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கியது. அம்மா தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா வந்திருக்குது கண்ணு. கசப்பே இல்லை" என்றார்.

அம்மாவுக்கு இடது காது கேட்காதது உங்களுக்குத் தெரியும். டைபாய்டு வந்து போனது என்று சொன்னோம். டைபாய்டு இல்லை.

அப்பா போன பிறகு அம்மா கடலை செய்வதை நிறுத்திவிட்டார். "கட்டினவரு போன துக்கத்துல வடச்சட்டியையே தொட மாட்டேங்கறாங்க" என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். துக்கம் இல்லை. அவசியம் இல்லாமல் போய்விட்டது. கணபதியில் தம்பி வீட்டில் அம்மா நிம்மதியாக இருந்தார். ஏழு வருஷம் ரேடியோ கேட்டார், பூக்கட்டினார், நன்றாகத் தூங்கினார்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் என் தையல் கடையில் இருந்தபோது தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, அத்தை இன்னிக்கு வடச்சட்டியை எடுத்துக் கடலை செய்யறாங்க. நல்லாத் தேறிட்டாங்கன்னு சந்தோஷமா இருக்குதுங்க" என்றாள். கையில் இருந்த கத்தரியை வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். சூலூரிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன். போய்ப் பார்த்தால், எழுபது வயதில் அம்மா பாகைக் கிளறிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் சொம்புத் தண்ணீர். தம்பி மனைவி அவருக்குப் பின்னால் ஒண்டி நிற்கிறாள். தம்பி நிலைப்படிக்கு வெளியே நிற்கிறான். அவன் கண் வடச்சட்டியின் மேலேயே இருந்தது. ஐந்து வயதில் நின்ற அதே மாதிரி நின்றான்.

"எப்ப இருந்தும்மா?" என்று அம்மாவின் நல்ல காதில் கேட்டேன். அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. "அப்பன் கையைப் பாத்து வளந்தவன்" என்றார். தம்பி மனைவி ஜாக்கெட் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். அதற்குள் நான்கு விரல் தடத்தையும் பார்த்துவிட்டேன். அன்றைக்கே அவளை என்னோடு வந்துவிடச் சொன்னேன். "கொழந்தைக்குப் பரீட்சை அண்ணி, அப்பறம் பாக்கலாங்க" என்றாள். நானும் பஸ் ஏறி வந்துவிட்டேன். அப்புச்சிக்கும் எனக்கும் அன்று வித்தியாசம் ஒன்றுமில்லை.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அந்த அம்மணி பாகு கேட்டாள்னா சொல்லிக் குடுத்துப்போடாதே. பாகு எத்தனை நாளைக்குக் காயும்? ஊட்டை விட்டுக் கூட்டிட்டுப் போயிரு." கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். மூன்றாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போது, தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, பாகு கருகிப்போகாம எவ்வளவு நேரம் வெச்சிருக்கலாங்க?" நான் கையைத் துடைத்தேன். அவளுடைய துணியை ஒரு பையில் போட்டேன். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் நீங்கள் பலர் உட்கார்ந்திருந்தீர்கள். பிறந்த வீட்டுக்கு ஒரு வாரம் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். அவள் போகவில்லை. என் வீட்டுக்கு வந்தாள். ஒரு வருஷமாக இங்கேதான் இருக்கிறாள்.

இந்தக் கட்டுரையை அச்சகத்திலேயே தம்பி படித்துவிட்டான்; இந்தப் பத்தி அதற்குப் பிறகு சேர்த்தது. "இல்லறம் இனிது நடத்தினார்னு ஒரு வரி போட்டு முடிச்சிருக்கலாமில்லக்கா? செத்தவங்களைப் பத்தி இப்படியா எழுதுவாங்க?" என்றான். "செத்தவங்களைப் பத்தி எழுதலைடா. இருக்கறவளைப் பத்தி எழுதறேன்" என்றேன். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். தம்பி, இன்றைக்கு நீ வந்தால் அம்மாவின் படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிடு. சாப்பிட்டுவிட்டுப் போ. அவளைக் கூப்பிடாதே.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். தின்னாத கடலைக்குக் கிண்ணம் ஏந்தி வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அம்மாவின் சார்பில் காலில் விழுந்து நன்றி. "எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும், இதுல கேக்க என்ன இருக்குது" என்று சொன்ன என் கணவருக்கு நன்றி. கடைசி வாரத்தில் அம்மாவைத் தன் தாய் மாதிரி புரட்டிப் படுக்கவைத்த நர்சம்மாவுக்கு நன்றி. தகவல் தெரிந்ததும் ஓடிவந்து காரியங்களுக்குத் தோள்கொடுத்த மற்ற எல்லோருக்கும் நன்றி.

மலரோடு ஆளுக்கொரு கடலைப் பொட்டலம் கொடுக்கிறோம். நேற்று என் தம்பி மனைவி என் அடுப்பில் செய்தது. பதம் வந்ததும் கடலையைக் கொட்டினாள், கிளறினாள், அடுப்பை அணைத்தாள். யாரும் உள்ளே வரவில்லை. தின்று பார்த்துவிட்டு, "உங்க மாமியார் செஞ்ச மாதிரி இல்லையே அம்மணி, கசப்பே காணோமே" என்று உங்களுக்குத் தோன்றினால், அதை அவளிடமே சொல்லுங்கள். வாசலில் பொட்டலம் கொடுத்துக்கொண்டு நிற்பவள் அவள்தான்.