படுத்த பயிரைத் தூக்கியது

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் அடித்ததில், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலில் சம்பாப் பயிர் அப்படியே படுத்துவிட்டது. கதிர் இன்னும் வெளிவரவில்லை. பக்கத்து வயலும் அப்படித்தான் கிடந்தது. அந்த வயல்காரர் வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. பயிர் விழுந்து கிடக்கும்போது ஒரு மனுஷனுக்கு டீ எப்படி இறங்கும்?

"ரெண்டு நாள் பொறுங்களேன்" என்றாள் மனைவி.

என்னால் முடியவில்லை. செல்போனில் பத்து தடவை வானிலை பார்த்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன். நாலு நாலு குத்தாக நிமிர்த்தி, அதன் தோகையாலேயே சேர்த்துக் கட்டினேன். முற்றிய பயிருக்குச் செய்கிற வேலை அது. இளம்பயிருக்கும் ஆகும் என்று நினைத்தேன். தாள்கள் கைக்குள் மளுக் மளுக்கென்று ஒடிந்தன. அந்தச் சத்தம் கேட்டும் நான் நிறுத்தவில்லை. இருட்டுவதற்குள் பாதி வயல்தான் முடிந்தது. மறுநாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். நான் தொடாத பாதியில், படுத்த தாளெல்லாம் கணுவில் வளைந்து, தானாகவே தலையைத் தூக்கியிருந்தது. பக்கத்து வயலிலும் அப்படித்தான். நான் போட்ட முடிச்சுகளில் மட்டும் பயிர் மஞ்சளடித்துச் செத்துக்கொண்டிருந்தது.

"மழை உங்களுக்கு மட்டும் ரொம்ப ஒடிச்சிடுச்சு போலிருக்கே" என்றார் பக்கத்து வயல்காரர், முடிச்சுகளைப் பார்த்தபடி.

"ஆமாங்க, பேய் மழை" என்றேன்.