சாக்பீஸ் பிடிக்காத தரை

பாகூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரசுப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தேன். இப்போது டவுனில் அதிகாரி. தனி அறை, ஏசி, அழுத்தினால் ஆள் வந்து நிற்கும் ஒரு மணி எல்லாம் உண்டு. கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் என்னைக் காட்டி "ஆபீசரு" என்று காதோடு காதாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறையை விட்டு வந்திருக்கக் கூடாது. அதை நான் எந்த இடத்தில் நின்று உணர்ந்தேன் என்று சொல்ல வேண்டுமானால், ஒரு மழைநாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஐப்பசியில் எட்டாம் வகுப்புக் கட்டடம் ஒழுகியது. பிள்ளைகளை வராந்தாவுக்குக் கிளப்பினேன். அங்கே போர்டு இல்லை, நோட்டுகள் பாதி நனைந்து கிடந்தன. பீரியடை வீணாக்கினால் எனக்குச் சோறு இறங்காது. ஆளுக்கொரு சாக்பீஸ் துண்டைக் கொடுத்து, "தரையிலயே போடுங்க" என்றேன். பழைய சிமெண்டுத் தரை, சொரசொரவென்று இருக்கும். சாக்பீஸ் அதில் நன்றாகப் பிடித்தது.

அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். நோட்டில் எழுதும்போது பிள்ளைகள் ஒரு கையால் எழுதி இன்னொரு கையால் மறைப்பார்கள். தரையில் யாரும் மறைக்கவில்லை. தப்பாகப் போனால் உள்ளங்கையால் தேய்த்துவிட்டு அடுத்த வரியைத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருப்பவனின் கணக்கை எட்டிப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், "நீ கழிக்கவே இல்ல பாரு" என்று கூச்சலிட்டார்கள். ஒரு வருடமாக வாயைத் திறக்காத பிள்ளையெல்லாம் பேசியது.

மழை நின்ற பிறகும் நான் வராந்தாவை விடவில்லை. வருடத் தொடக்கத்தில் ஆளுக்கொரு கட்டம் கரியால் போட்டுக் கொடுப்பேன். பிள்ளைகள் அதற்கு வூடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மிஸ், எங்க வூட்டுக்கு வாங்க மிஸ்" என்று நாலா பக்கமும் கூப்பிடுவார்கள். புடவையைச் செருகிக்கொண்டு, முட்டி போட்டு, ஒவ்வொரு வீடாக நகர்ந்து போவேன். பெருக்கல் குறி போட்டு எதையும் அடிக்க மாட்டேன். தப்பு எந்த வரியில் தொடங்குகிறதோ அங்கே ஒரு புள்ளி மட்டும் வைப்பேன். மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மா அரியூர் பக்கம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. இவள் தன் கட்டத்தின் மூலையில், எறும்பு சைஸில் எழுதுவாள். நான் குனிந்து, மூக்கு தரையில் இடிக்காத குறையாகப் படிப்பேன். ஆடி மாதத்தில் கட்டத்தின் கால்வாசிக்கு வந்தாள். பொங்கல் முடிந்து வந்தபோது அவள் எழுத்து கட்டத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போயிருந்தது. பக்கத்துப் பையன் புகார் சொன்னான். அவள், "ஆமா, இடம் பத்தல, இன்னா இப்போ?" என்றாள். அன்று வில்லியனூரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டே போனேன். கரிக்கலாம்பாக்கத்தில் டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பதவி உயர்வு அதற்கு அடுத்த வருடம் வந்தது. வேண்டாம் என்றால் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து டீச்சர்களில் பலர் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள்தான். பிள்ளை பிளஸ் டூ, மாமியாருக்கு முடியவில்லை என்று ஏதாவது காரணம் காட்டுவார்கள். நானும் எழுதினேன். காரணம் என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை. "எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் பிடித்திருக்கிறது" என்று அரசாங்கத்துக்கு எப்படி எழுதுவது? குடும்பச் சூழ்நிலை என்று எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கடிதம் பதின்மூன்று நாள் பையிலேயே இருந்தது. வீட்டுக்காரர், "உன் இஷ்டம்" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லா மனைவிகளுக்கும் தெரியும். என்னோடு வேலை பார்த்த இளம் கணக்கு டீச்சர் மட்டும், "போவாதீங்க மேடம், எனக்கு உங்கள மாதிரி வராது" என்றாள். அவளுக்காகவாவது கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பதினான்காம் நாள் டவுனில் ஒரு மீட்டிங். எனக்கு ஐந்து வருடம் ஜூனியர் ஒருவர், என்னிடமே பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டவர், மேடையில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசையில். ஏதோ ஒரு படிவம் வரவில்லை என்று என் பள்ளியின் பெயரைச் சொல்லி, "இன்னா டீச்சர், இன்னும் தூங்கினுகீறீங்களா?" என்று மைக்கில் கேட்டார். சபை சிரித்தது. எனக்குக் காது சுட்டது. வெளியே வந்து கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

இவ்வளவுதான் காரணம். பிள்ளைகளின் படிப்பு, எதிர்காலம், மேலே போனால் பெரிதாகச் சாதிக்கலாம் என்றெல்லாம் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பின்னால் ஜோடித்தது. ஒரு மைக்கும் நாற்பது பேர் சிரிப்பும்தான் என்னை வகுப்பறையிலிருந்து கிளப்பின.

கடைசி நாளில் பிள்ளைகள் வராந்தாவில் தங்கள் தங்கள் வீட்டில் ஒரு கணக்குப் போட்டு வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களே உருவாக்கிய கணக்கு, அவர்களே போட்ட விடை. சால்வை, கேக், போட்டோ என்று ஹெச்.எம். இழுத்துக்கொண்டு போனார். "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பள்ளி விட்டுவிட்டது. வராந்தாவைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கணக்குகள் சரியா தப்பா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

அலுவலக வேலை எனக்கு நன்றாகவே வந்தது. கோப்பு தேங்காது, யாரும் என்னிடம் வாலாட்ட முடியாது. மூன்றாம் வருடம், ஒரு கம்பெனிக்காரர்கள் கிராமத்துப் பள்ளிகளுக்குத் தரை போட்டுத் தருவதாக வந்தார்கள். பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. யோசிக்கவே இல்லை, என் பழைய பள்ளியை முதலில் எழுதினேன். வகுப்பறை மட்டுமா என்று படிவத்தில் கேட்டிருந்தது. "வராந்தா உட்பட" என்று என் கையாலேயே எழுதினேன். பிறந்த வீட்டுக்குச் சீர் அனுப்புகிற சந்தோஷம் எனக்கு. வேலை முடிந்ததும் ஹெச்.எம். வாட்ஸப்பில் படம் அனுப்பினார். வெள்ளை டைல்ஸ், முகம் பார்க்கலாம் போல. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் பதிலுக்குத் தட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.

போன கார்த்திகையில் ஆய்வுக்காக அந்தப் பள்ளிக்குப் போனேன். கேட்டிலேயே ரோஜாப்பூ கொடுத்தார்கள். வராந்தாவில் கால் வைத்தவுடன் வழுக்கியது. இளம் கணக்கு டீச்சர், இப்போது அவ்வளவு இளமை இல்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். வராந்தா காலியாக இருந்தது. பிள்ளைகள் உள்ளே பெஞ்சில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, கணக்கு பீரியடுதான? உள்ள உக்கார வச்சிருக்க?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கிறேனோ என்று சந்தேகப்பட்ட பார்வை.

"டைல்ஸ்ல சாக்பீஸ் புடிக்கல மேடம்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நீங்க போனப்புறம் ரெண்டு வருசம் வராந்தாலதான் நடத்துனேன். அதே மாதிரி கட்டம் போட்டு, புள்ளி வச்சு. இது வந்தப்புறம் எழுதவே முடியல. வழுக்குது."

"வராந்தாவ மட்டும் வுட்ருங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. என் கோபம் எப்போதும் தப்பான ஆள் மேல்தான் பாயும்.

"உங்களுக்குத் தெரியாததா மேடம்? நீங்களே ஆசையா அனுப்பிச்சீங்கன்னு ஹெச்.எம். சொன்னாரு. தெரிஞ்சிதான் செய்றீங்கன்னு நெனச்சேன்."

யாரோ முகம் தெரியாத அதிகாரி செய்திருந்தால் வயிறெரியத் திட்டியிருப்பேன். செய்தது நான். முட்டி தேய்ந்த தரையை, அதன் பயன் என்ன என்று இந்த உலகத்தில் எனக்குத்தான் முதலில் தெரிந்த தரையை, மூன்றே வருடத்தில் அழுக்குத் தரையாகப் பார்க்கப் பழகியிருந்தேன். படத்தைப் பார்த்தபோதுகூட உறைக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் மனசு இவ்வளவு அடித்துக்கொள்ளாது என்று தோன்றுகிறது.

வகுப்புக்குள் போய், மேசையில் கிடந்த சாக்பீஸை எடுத்துக் குனிந்து, தரையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். லேசாக ஒரு தடம், அதுவும் விட்டுவிட்டு. பிள்ளைகள் சிரிக்கலாமா கூடாதா என்று டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். ஹெச்.எம். ஓடி வந்து, "இன்னா மேடம் தேடுறீங்க?" என்று கேட்டார்.

எழுந்து முதல் பெஞ்சுக்குப் போனேன். ஒரு சின்னப் பெண் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதி வரை வந்திருந்தாள். மூன்றாவது வரியில் தப்பு. எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்று எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பேனாவைத் திறந்துகொண்டு அவள் பக்கம் குனிந்தேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, இடது கையை விரித்து நோட்டை மூடிக்கொண்டாள்.